பிடித்த ஆசிரியரும் படித்த ஆசிரியரும்

வாசகர் வட்டங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆண்டு முடிவதற்குள் அவ்வாசிரியரின் நூல்கள் அனைத்தையும் படித்து முடிக்க வேண்டும். மேல்நாட்டு வாசகர் குழுக்களிடமிருந்து வந்த பழக்கம் இது. இதனைப் போட்டி என்றும் அறைகூவல் என்றும் அழைக்கின்றனர். வாசிப்புக்குப் போட்டி என்ற சொல் பொருந்துமா என்பது இருக்கட்டும். இவ்வழக்கத்தில் இருவேறு செயல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன என்பதே நம் கவனத்துக்குரியது. இன்னார் எனக்குப் பிடித்தவர் என்று பெயர் சொல்வது ஒன்று. அவர் எழுதியவை அனைத்தையும் படிப்பது மற்றொன்று. முன்னதற்கு ஒரு மூச்சுப் போதும். பின்னதற்கு ஓராண்டும் போதாது. மனிதர்கள் எளியதை முதலில் செய்துவிட்டு, அரியது தானே நடந்துவிட்டதாகக் கருதிக்கொள்கின்றனர்.

குமரி மாவட்டத்தில் இவ்வினா கேட்கப்படும்போது ஒரு தனிச்சுவை பெறுகிறது. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, இடலாக்குடிச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஆகியோர் தொடங்கி, கிருஷ்ணன் நம்பி, ஹெப்சிபா ஜேசுதாசன், சுந்தர ராமசாமி, பொன்னீலன், நாஞ்சில் நாடன், ஜெயமோகன் வரை இச்சிறு நிலப்பரப்பு தந்த எழுத்தாளர் தொகை பெரிது. ஆயினும் இம்மாவட்டத்து முஸ்லிம் வாசகர் ஒருவரைக் கேட்டால் பெரும்பாலும் தயங்காமல் 'தோப்பில்' என்றே விடை கூறுவார். 1944ஆம் ஆண்டு செப்டம்பர் 26இல் தேங்காப்பட்டணத்தில் பிறந்து, 2019ஆம் ஆண்டு மே 10இல் திருநெல்வேலியில் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான் அவர்களையே அப்பெயர் குறிக்கும். (நாஞ்சில் நாட்டு எழுத்தாளர் என்று அவரைச் சிலர் எழுதுவதுண்டு. தோவாளையும் அகஸ்தீஸ்வரமுமே நாஞ்சில் நாடு. தேங்காப்பட்டணம் மேற்கே, பழைய விளவங்கோட்டுப் பகுதி. அங்குள்ள பேச்சு வேறு, உணவு வேறு, கடலும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் தோப்பிலின் மொழியைப் பற்றிப் பேச இயலாது.)

அடுத்து, அவருடைய எந்த நூலைப் படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்ற விடை உடனே வரும். சற்றுப் பொறுத்தால், சாகித்திய அகாதெமி பரிசு பெற்றதாயிற்றே என்ற நினைவோடு 'சாய்வு நாற்காலி' வரும். அத்துடன் விடை நின்றுவிடும். எதிர்த்தரப்பினரும் இருக்கின்றனர். சமுதாயத்தின் அழுக்கை ஊரறியத் துவைத்தவர், ஆலிம்களை இழிவு செய்தவர் என்று தோப்பிலை வெறுக்கும் அவர்களிடமும் இதே வினாவைக் கேளுங்கள். அவர்கள் கூறுவதும் அந்த முதல் நூலின் பெயரையே. அதையும் பலர் படித்ததில்லை, படித்தவர் சொல்லக் கேட்டிருப்பர். கொண்டாடுவோரும் தூற்றுவோரும் ஒரே ஒரு நூலின் மேல் நின்றுகொண்டு வழக்காடுகின்றனர். ஒருவருக்கு அவர் 'நம்மவர்' என்பதால் பிடிக்கிறது. மற்றவருக்கு, நம்மவராக இருந்தும் இப்படி எழுதினாரே என்பதால் பிடிக்கவில்லை. இரு தரப்பிலும் அளவுகோல் பிறப்பாகவே இருக்கிறது. எழுத்தை எவரும் அளக்கவில்லை.

ஆசிரியர் ஒருவரை மனத்துள் வரித்துக்கொள்ளும் வாசகனின் நிலை நம் மண்ணுக்குப் புதிதன்று. நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி 1981இல் வெளியிட்ட 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலின் பொருளே இதுதான். பாலு என்னும் தமிழ் எழுத்தாளன், 1960 ஜனவரி 5இல் மறைந்ததாகக் கூறப்படும் ஜோசப் ஜேம்ஸ் என்னும் மலையாள எழுத்தாளரைத் தேடிச் செல்கிறான். அப்படி ஓர் எழுத்தாளர் இருந்ததில்லை. அவர் கற்பனைப் பாத்திரம். தனக்குப் பிடித்த ஆசிரியரை வாசகன் எந்த அளவு தானே படைத்துக்கொள்கிறான் என்பதை அந்நாவலைவிடக் கூர்மையாகக் காட்டிய தமிழ் நூலை நான் அறியேன். இல்லாத ஆசிரியரைப் படைத்துக்கொள்வது கற்பனை எனப்படும். இருக்கிற ஆசிரியரைப் படிக்காமல் படைத்துக்கொள்வதற்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

அரபு இலக்கியத்தில் இச்சிக்கல் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. மனிதருள் சிறந்த கவிஞர் யார் என்ற வினா, அரபு அவைகளில் ஓயாது கேட்கப்பட்ட ஒன்று. தொடக்கத்தில் அதற்கு ஒரு வரியைச் சுட்டியோ ஒரு பெயரைச் சொல்லியோ விடை கூறினர். பின்னர் விடை கூறுவோர் காரணமும் கூற வேண்டியதாயிற்று. அபூ தம்மாமா, புஹ்துரியா என்று இலக்கியவாணர் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றபோது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆமிதி 'அல்முவாஸனா' என்னும் ஒப்பீட்டு நூலை எழுதினார். இருவர் கவிதைகளையும் பொருளுக்குப் பொருள் அருகருகே வைத்து நிறுத்துக் காட்டும் நூல் அது. ஆமிதியின் சாய்வு புஹ்துரியின் பக்கம் என்பது படிப்போருக்குத் தெரியாமல் போகாது. சாய்வு இருந்தும் எடை போட்டார். அதுவே அவருடைய சிறப்பு.

தேர்வு என்பதற்கு அரபியில் 'இக்திyார்' என்று கூறலாகாது, 'இஃக்தியார்' என்றே ஒலிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஒலிப்பைவிடப் பொருள் முக்கியம்: அச்சொல்லுக்குள் 'கைர்', அதாவது நன்மை, என்ற வேர் இருக்கிறது. நல்லதைப் பிரித்தெடுப்பதே தேர்வு. பலவற்றைப் பார்த்தவனால்தான் பிரித்தெடுக்க இயலும். ஒருவனுடைய தேர்வு அவனுடைய அறிவின் ஒரு கூறு என்பது அரபு அறிஞர்களிடையே வழங்கும் பழமொழி. பனிப்பொழிவால் பயணம் தடைப்பட்டு ஹமதானில் தங்க நேர்ந்தபோது, தமக்கு இடமளித்தவரின் நூலகத்தைக் கொண்டு அபூ தம்மாம் 'ஹமாஸா' என்னும் தொகைநூலை உருவாக்கினார் என்பது புகழ்பெற்ற செய்தி. தம் சொந்தக் கவிதைகளைவிட அத்தொகுப்பில்தான் அவர் சிறந்த கவிஞராக விளங்குகிறார் என்று பின்வந்தோர் சிலர் கூறினர். ஒரு கவிஞருக்கு இது புகழா இகழா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இவர்கள் அனைவரிலும் நம் பொருளுக்கு மிக நெருங்கியவர் அபுல் அலா அல்மஅர்ரி (973–1057). இளமையிலேயே கண்பார்வை இழந்த இப்பேரறிஞர் மூன்று கவிஞர்களின் திவான்களைப் பற்றி எழுதினார். மூன்று நூல்களுக்கும் அக்கவிஞர்களின் இயற்பெயரை வைத்துச் சிலேடையாகத் தலைப்பிட்டார். அபூ தம்மாமின் இயற்பெயர் ஹபீப். அதற்கு அன்பர் என்பது பொருள். ஆகவே அவருக்கு 'திக்ரா ஹபீப்', அதாவது அன்பரின் நினைவு. புஹ்துரியின் பெயர் வலீத், குழந்தை எனப் பொருள்படும். அவருக்கு 'அபஸுல் வலீத்', குழந்தையின் விளையாட்டு. முதனப்பியின் பெயர் அஹ்மத். அவருக்கோ 'முஃஜிஸு அஹ்மத்', அஹ்மதின் அற்புதம். மூவரில் மஅர்ரிக்குப் பிடித்தவர் யார் என்று வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பிடித்தவர் ஒருவரை மட்டும் படித்துவிட்டு அவர் அத்தீர்ப்பை வழங்கவில்லை. மூவரையும் வரிவரியாகப் படித்துவிட்டே வழங்கினார். 'விளையாட்டு' என்று பெயரிட்ட நூலிலும் அவர் விளையாடவில்லை. பிழைகள் மலிந்த புஹ்துரி திவானின் படியொன்று தம்மிடம் வந்தபோது அதனைத் திருத்தியும் குறிப்பெழுதியும் உழைத்ததன் விளைவே அந்நூல்.

முதனப்பியின்மேல் அவர் கொண்ட பற்றுக்கு ஒரு விலையும் கொடுத்தார். பக்தாதில் ஷரீஃப் அல்முர்தழாவின் அவையில் முதனப்பியைக் குறைத்துப் பேசினர். மஅர்ரி எழுந்து, அவருடைய ஒரு குறிப்பிட்ட கவிதை மட்டுமே இருந்தாலும் அவர் பெருமைக்கு அது போதும் என்றார். உடனே முர்தழா அவரைக் காலைப் பிடித்து இழுத்து வெளியேற்றச் செய்தார். அவையோர் திகைத்தனர். முதனப்பிக்கு அதைவிடச் சிறந்த கவிதைகள் இருக்க, அவர் இதனைக் குறிப்பிட்டதன் காரணம், குறையுடையவன் தன்னைப் பழித்தால் அதுவே தன் நிறைவுக்குச் சான்று என்னும் கருத்து அக்கவிதையின் பிற்பகுதியில் வருவதுதான் என்று முர்தழா விளக்கினார். வரலாற்றாசிரியர்கள் வழிவழியாகக் கூறிவரும் நிகழ்ச்சி இது. இதில் என்னை வியக்க வைப்பது மஅர்ரியின் துணிவைவிட முர்தழாவின் வாசிப்பு. அவர் முதனப்பியை வெறுத்தவர். வெறுத்தவரும் அக்கவிதையின் உள்வரி வரை மனத்தில் வைத்திருந்தார். இன்று நம்மிடையே ஓர் ஆசிரியரை நேசிப்பவர்க்கும் இவ்வளவு பாடம் இருக்குமா என்பது ஐயம்.

இதற்கு நேர்மாறான ஒரு வாசிப்பும் நம் மாவட்டத்திலேயே உண்டு. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்ஞ்ஞானி பீர்முஹம்மது அப்பா அவர்களின் அடக்கத்தலம் தக்கலையில் உள்ளது. ஆண்டு விழாவின்போது அவர்களுடைய 'ஞானப்புகழ்ச்சி' இரவு முழுவதும் அங்கு கூட்டாகப் பாடப்படுகிறது. ஓர் ஊர் ஓர் ஆசிரியரைத் தேர்ந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகக் குரல் கொடுத்து வருகிறது என்றால் அதற்கு ஈடான வாசகர் வட்டம் தமிழகத்தில் வேறெங்கே? பாடும் முதியவர் பலருக்கு ஏடு தேவைப்படுவதில்லை. ஆனால் 'ஞானரத்தினக் குறவஞ்சி', 'ஞானமணிமாலை', 'ஞானப்பால்', 'ஞானப்பூட்டு' என்று அவர்கள் இயற்றியவை இன்னும் பல. அவற்றைப் பொருளுணர்ந்து படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாடப்படுவதால் நூல் அழியாமல் காக்கப்படுகிறது, ஐயமில்லை. இருப்பினும் பாடுதல் ஒரு பணி, படித்தல் வேறொரு பணி.

இனி தோப்பிலுக்கு வருவோம். அவருடைய நாவல்களை வெளிவந்த வரிசையில் வைத்துப் படிப்பவருக்கு, தனித்தனியே படிப்பவர் கண்ணில் படாத ஒன்று புலனாகும். அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாயிற்று. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி என்னும் ஊர்த்தலைவரின் பிடியில் சிக்கிய கடற்கரைச் சிற்றூர். அங்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறது. அது ஹராம் என்று கூறப்படுகிறது. தங்ஙள் ஒருவர் வந்து அறியாமையை அறுவடை செய்கிறார். எதிர்த்துப் பேசத் துணிபவன் சுறாப்பீலி வணிகன் மஹ்மூது. இந்நாவலின் நகை கசப்பானது. 1991இல் வெளிவந்த 'துறைமுகம்' கொழும்புக்குக் கருவாடு அனுப்பி, அங்குள்ள பெருவணிகரின் கணக்கில் ஏமாந்து, கடனில் மூழ்கும் மக்களைப் பற்றியது. 'கூனன் தோப்பு' (1993) முஸ்லிம்களுக்கும் கிறித்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தைப் பேசுகிறது. இரு தரப்பின் வறுமையும் ஒன்றே என்பதைக் கதை சொல்லாமல் சொல்கிறது. 1997இல் 'சாய்வு நாற்காலி' வந்தது, பரிசும் வந்தது. மார்த்தாண்ட வர்மா காலத்துப் பெருமையில் தொடங்கிய ஒரு குடும்பத்தின் கடைசி வாரிசான முஸ்தபாக்கண்ணு, வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்டு, தாம் மட்டும் நாற்காலியை விட்டு எழாமல் காலம் கழிக்கும் கதை. பதினோராண்டுகள் கழித்து 2008இல் 'அஞ்சுவண்ணம் தெரு'.

இடைப்பட்ட மூன்றையும் பற்றி விரிவாகப் பேச வேண்டுமாயினும் இங்கு முதலாவதையும் கடைசியாகக் குறிப்பிட்டதையும் அருகருகே வைப்போம். 1988இன் தோப்பிலுக்குப் பழைய நம்பிக்கைகள் யாவும் ஒரு சங்கிலி. நேர்ச்சையும் மந்திரித்தலும் தகடும் தண்ணீரும் ஏழையின் கையிலிருந்து காசைப் பிடுங்கும் கருவிகள். 2008இன் தோப்பில் நெசவாளர் தெரு ஒன்றின் வீழ்ச்சியை எழுதுகிறார். அங்கே பழைய கதைகளும் பாட்டுகளும் அவ்வூர் மக்களின் நினைவுக் கருவூலமாகின்றன. தூய்மை பேசி வரும் புதிய இயக்கத்தார் அவற்றைக் களைய முற்படும்போது, களைந்த இடத்தில் எதுவும் முளைப்பதில்லை. கசந்து சிரித்த ஆசிரியர் இங்கே இரங்கி நிற்கிறார். அஞ்சுவண்ணம் என்னும் சொல் 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வணிகக் குழுவொன்றின் பெயராக வருவது. அதனை ஒரு தெருவின் பெயராக அவர் வைத்ததே, எவ்வளவு பழைய ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதற்குச் சான்று.

இது முரண்பாடா? முதல் நாவலை மட்டும் படித்தவர், இவர் மூடநம்பிக்கையின் பகைவர், சீர்திருத்தவாதி என்பார். 'அஞ்சுவண்ணம் தெரு'வை மட்டும் படித்தவர், இவர் தர்காப் பண்பாட்டின் காவலர், தவ்ஹீதுக்கு எதிரானவர் என்பார். இரு கட்சியாரும் தத்தமக்கு வேண்டிய தோப்பிலை எடுத்துக்கொண்டு போகலாம், போயிருக்கின்றனர். இருபதாண்டுகளை இணைத்துப் படிப்பவருக்கு வேறொன்று தெரிகிறது. தோப்பிலுக்கு முதலிலும் இறுதியிலும் பகையாயிருப்பது அதிகாரமே. 1988இல் அது முதலாளியிடமும் தங்ஙளிடமும் இருந்தது, மார்க்கத்தின் பெயரால் பேசியது. 2008இல் அது வேறு கைகளுக்கு மாறியிருந்தது, அதுவும் மார்க்கத்தின் பெயராலேயே பேசியது. அதிகாரம் இடம் மாறியபோது ஆசிரியரும் திரும்பி நின்றார். அவர் இடம் மாறியதாகத் தோன்றுவது, ஒரு நூலோடு நின்றுவிட்டவரின் பார்வைக்கு மட்டுமே.

இவ்வாறு கூறுவதால் அவர் எழுத்தில் குறையில்லை என்பதன்று. அரபிக் கல்லூரியில் ஆசிரியனாக இருப்பவன் என்ற முறையில் ஒரு குறையை நான் அழுத்தமாகவே கூறுவேன். முதல் நாவலில் கல்வி என்றால் ஆங்கிலப் பள்ளிக்கூடம், மார்க்க அறிவு என்றால் ஏமாற்று அல்லது வயிற்றுப்பாடு என்ற இருமை மிக எளிதாகப் போடப்பட்டுள்ளது. கற்றறிந்த ஆலிம் ஒருவர் அக்கிராமத்தை எட்டிப் பார்ப்பதேயில்லை. இது அக்காலத் திருவிதாங்கூரின் முழு உண்மை அன்று. வக்கம் அப்துல் காதர் மௌலவி (1873–1932) அதே திருவிதாங்கூரைச் சேர்ந்தவர், அரபு மொழியில் ஆழ்ந்த புலமை உடைய ஆலிம். 1905இல் 'சுதேசாபிமானி' இதழைத் தொடங்கினார். ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை அரசைக் கண்டித்து எழுத முழு உரிமை அளித்தார். அதன் விளைவாக 1910இல் அரசு அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. 'முஸ்லிம்', 'அல்இஸ்லாம்' ஆகிய இதழ்களை நடத்தி, முஸ்லிம் ஆண்களும் பெண்களும் நவீனக் கல்வி பெற வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். ஆங்கிலப் பள்ளியை எதிர்த்த தங்ஙள்களும் இருந்தனர், அதற்காகத் தம் பொருளை இழந்த மௌலவியும் இருந்தார். முதல் வகையினரை மட்டும் எழுதியது நாவலாசிரியரின் உரிமை. இரண்டாம் வகையினரும் இருந்தனர் என்று சுட்டுவது திறனாய்வாளனின் கடமை.

இவ்விடத்தில் வைக்கம் முஹம்மது பஷீர் நினைவுக்கு வருவது இயல்பு. மலையாள வழியில் பள்ளிக் கல்வி பெற்ற தோப்பில், பஷீரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 'மீஸான் கற்களின் காவல்' என்னும் நூலைத் தமிழில் தந்தவரும் அவரே. ஓர் ஆசிரியர் யாரை மொழிபெயர்க்கிறார் என்பது, அவருக்குப் பிடித்தவர் யார் என்ற வினாவுக்கு அவரே எழுதிக்கொடுத்த விடை. பஷீரின் 1951ஆம் ஆண்டு நாவலில் தன் தந்தைக்கு ஓர் ஆனை இருந்தது என்று பெருமை பேசும் தாய் வருகிறாள். அவளுடைய பெருமையும் 'சாய்வு நாற்காலி'யின் முஸ்தபாக்கண்ணுவினுடைய பெருமையும் ஒரே மரத்துக் கிளைகள். இரண்டும் வீழ்ந்த குடும்பங்கள். ஆனால் பஷீர், அது ஆனையன்று, மண்ணில் குழி பறிக்கும் குழியானை என்று சிறுவர்களைக் கொண்டு சொல்ல வைத்து, அந்தத் தாயை நம் அன்பிலிருந்து விலகாமல் காக்கிறார். தோப்பில் முஸ்தபாக்கண்ணுவுக்கு அச்சலுகையை அளிப்பதில்லை. அவன் மனைவி மரியம் பீவியின் மௌனத் துன்பத்தைக் கண்ட பிறகு சிரிக்க இயலாது என்பதே காரணம். மேலும், பஷீரின் நாவலில் மாற்றத்தைக் கொண்டுவருபவனான நிஸார் அகமது மார்க்கம் அறிந்த முஸ்லிம். சீர்திருத்தம் உள்ளிருந்தே வருகிறது. தோப்பிலின் முதல் நாவலில் அது பள்ளிக்கூடக் கட்டடமாக வெளியிலிருந்து வருகிறது. கலையில் பஷீர் மூத்தவர் என்று நான் கூறுவேன். துணிவில் தோப்பில் அவருக்கு இளைத்தவரல்லர்.

இவை போன்ற குறைகளுக்காகவே அவரை ஒதுக்க வேண்டும் என்போருக்கு நானாக விடை கூறப் போவதில்லை. பத்தாம் நூற்றாண்டின் ஒரு காழி கூறியதை நினைவூட்டுகிறேன். காழி அல்ஜுர்ஜானி, ரய் நகரின் தலைமை நீதிபதி. முதனப்பியின் ஆதரவாளருக்கும் பகைவருக்கும் இடையே நடுவராக நின்று 'அல்வஸாதா' என்னும் நூலை எழுதினார். முதனப்பியின் சில வரிகள் மார்க்கத்துக்கு மாறானவை என்று பகைவர் குற்றம் சாட்டியிருந்தனர். கொள்கைப் பிழை கவிதையைத் தாழ்த்துமானால் அபூ நுவாஸின் பெயரை ஏடுகளிலிருந்தே அழித்திருக்க வேண்டும், இஸ்லாத்துக்கு முந்திய காலத்துக் கவிஞர்களையோ பேசவே கூடாது, மார்க்கம் வேறு, கவிதை வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். கூறியவர் ஷரீஅத்தின்படி தீர்ப்பு வழங்கும் இருக்கையில் அமர்ந்திருந்தவர் என்பதை மறந்துவிடலாகாது. அவரும் முதனப்பியின் குறைகளை மறைக்கவில்லை, வரிசையாக எடுத்துக் காட்டுகிறார். நல்லவற்றோடு சேர்த்து நிறுக்க வேண்டும் என்பதே அவர் விதித்த நெறி. நிறுப்பதற்குச் சரக்கு முழுவதும் தட்டில் இருக்க வேண்டுமல்லவா?

இது வெறும் ஏட்டு வழக்கன்று. தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் தம் 'மைலாஞ்சி' தொகுப்பால் கண்டனத்துக்கு ஆளானதும், பின்னர் 2007இல் ஒரு கட்டுரையின் காரணமாக ஊர்விலக்கத்துக்கு உள்ளானதும், 2017இல் மறைந்ததும் நாம் அறிந்தவை. அவருடைய கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. பீர்முஹம்மது அப்பாவைப் பற்றியும் இஸ்லாமியத் தமிழ் மரபைப் பற்றியும் அவர் எழுதியவற்றையும் அதே தட்டில் வைத்துப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி. மறுப்பவரும் முர்தழாவைப் போலப் படித்து மறுக்கட்டும். அவருடைய தண்டனையை மட்டும் எடுத்துக்கொண்டு வாசிப்பை விட்டுவிட்டோமானால் நமக்கு அவையும் இல்லை, கவிதையும் இல்லை.

தோப்பிலை முழுமையாகப் படிக்க விரும்புவோருக்கு உண்மையில் தடையாக இருப்பது மொழி. குமரியின் மேற்குக் கரைத் தமிழ், மலையாளம், மக்கள் நாவில் உருமாறிய அரபு ஆகிய மூன்றும் அவருடைய உரையாடல்களில் பின்னிக் கிடக்கின்றன. பிற பகுதி வாசகர் ஐந்து பக்கங்களில் மூச்சுவாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அரபுச் சொற்களின் நிலையைப் பாருங்கள். 'முஅத்தின்' மோதினாகிறார். துன்பமெனப் பொருள்படும் 'முஸீபத்', வயதான பெண்களின் வாயில் அன்றாட வசைச்சொல் ஆகிறது. 'மீஸான்' என்றால் தராசு. இக்கரையிலோ அது கப்றின் தலைமாட்டில் நடும் கல்லுக்குப் பெயராயிற்று. தராசு எவ்வாறு கல்லறைக் கல் ஆயிற்று என்பதை ஆராய்வதற்கு அரபும் வேண்டும், கடற்கரைப் பேச்சும் வேண்டும். இரண்டும் உடையவர்கள் இம்மாவட்டத்து அரபிக் கல்லூரி மாணவர்களேயன்றி வேறு யார்? கல்லூரியின் முதலாண்டுப் பையன் ஒருவன், தன் பாட்டி பேசும் சொல் அச்சில் வந்திருக்கிறதே என்று வியந்ததுண்டு. அகராதி தேவைப்படாத வாசகன் அவன்.

பிழைபட்ட ஒரு படியை முன்னே வைத்துக்கொண்டு மஅர்ரி செய்த வேலை அத்தகையதே: சொல்லைச் சரிபார்த்தல், பொருளை எழுதுதல், எங்கே கவிஞர் தவறினார், எங்கே படியெடுத்தவர் தவறினார் என்று பிரித்துக் காட்டுதல். தோப்பிலின் ஐந்து நாவல்களுக்கும் சிறுகதைகளுக்கும், 2017இல் வெளிவந்த 'குடியேற்ற'த்துக்கும் சேர்த்து ஒரு சொல்லடைவு உருவாக்குவதென்றால் ஒருவர் ஓராண்டில் முடிக்கக்கூடியதன்று. ஐந்தாறு மாணவர்கள் நாவலுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு, சொல்லையும் பக்கத்தையும் தாளில் குறித்து வைத்து, தேங்காப்பட்டணத்திலும் தக்கலையிலும் உள்ள முதியவர்களிடம் கேட்டுப் பொருள் எழுதினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியலாம். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யிலிருந்து தொடங்குவது நல்லது. சொற்கள் அதில்தான் மிகுதி, அவற்றின் பொருள் கூறக்கூடிய முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.